ஏழு டிக், இருபத்துமூன்று வட்டம்

அந்தப் பையை மேலே வைத்துவிடுங்கள் சார், கால் நீட்ட இடம் வேண்டாமா? இந்த பஸ்ஸில் சென்னை வரைக்குமா? நல்லது. நானும் சென்னைதான், வடபழனி. ஜன்னல் பக்கம் வேண்டுமென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. பார்க்கவேண்டியதெல்லாம் இந்தக் காகிதத்தில் இருக்கிறது.

கோர்ட்டுக் காகிதம் இல்லை சார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் இல்லை. பரீட்சைப் பேப்பர். என்னுடையதுதான். எழுபத்துநாலு வயதில் பரீட்சையா என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் முகம் கேட்கிறது. ஃபெயில். மூன்றாவது தடவையாக ஃபெயில். எந்தப் பாடத்தில் என்று கேளுங்கள். நான் உண்டாக்கிய பாஷையில்!

சிரிக்காதீர்கள். தணிகாசலம் கொஞ்சம் பெருக்கிச் சொல்வான் என்று வடபழனியில் சொல்வார்கள். அது தொழில் கொடுத்த வியாதி. முப்பது வருஷம் டப்பிங் வசனம் எழுதியவன் நான். திரையில் ஒருவன் 'ம்' என்று சொல்லிவிட்டு வாயைக் கால் நிமிஷம் அசைத்தால், அந்தக் கால் நிமிஷத்துக்கு வசனம் எழுதித்தானே ஆகவேண்டும்? ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பெருக்கல் கிடையாது.

'ஏழாம் பாதாளம்' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தொடர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூற்றாறில். நீங்கள் அப்போது டவுசர் போட்டுக்கொண்டு திரிந்திருப்பீர்கள். அது ஓடுகிற நேரத்தில் தாம்பரம் ரயிலை டிரைவர் சைதாப்பேட்டையில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய் டிவி பார்ப்பான். பிரயாணிகளும் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். சரி, ஒரு தடவைதான் நிறுத்தினான். வேறு காரணமாகவும் இருக்கலாம், விடுங்கள்.

அதில் கராளர் என்று ஓர் அரக்கர் கூட்டம். பம்பாயிலிருந்து டேப் வந்தது. மனிதர்கள் பேசுகிற சத்தம் இருக்கிறது. அரக்கர்கள் வாய் அசைகிறது, சத்தத்தைக் காணோம். டப்பிங் தியேட்டர் முதலாளி பாலுச்சாமி போன் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யோவ் தணிகாசலம், அரக்கனுங்க என்ன பேசுறானுங்கன்னு அவங்களுக்கே தெரியாதாம்யா. நீயே எதையாவது போட்டுக்கோ. வெள்ளிக்கிழமை டேப் போயாகணும்."

எதையாவது போடுவதா? நானா? நான் ஒரு பாஷையே போட்டேன் சார். கராளி.

அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அரக்கராஜாவாக நடித்தவருக்குப் பொய்க் கோரைப்பல் மாட்டியிருந்தார்கள். அது லூஸ். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மனுஷன் பல் விழுந்துவிடுமோ என்று வாயை டப்பென்று மூடிக்கொள்வார். தமிழில் எழுதிப் பாருங்கள், 'வந்தேன்', 'போனாய்', எதிலும் உதடு மூடாது. திரையில் வாய் மூடின பிறகு மைக்கில் சத்தம் போய்க்கொண்டிருந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே கராளியில் எந்த வினைச்சொல்லாக இருந்தாலும் உதடு மூடித்தான் முடியும். நான் செய்தால் கடைசியில் 'அப்'. அவன், அவள், அது செய்தால் 'இம்'. எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள்! டப்பிங்காரனைத் தவிர உலகத்தில் எவனுக்கும் தோன்றாது.

என் சம்சாரம் கனகவல்லியும் அப்போது அங்கேதான் வேலை செய்தாள். கூட்டக் குரல் கொடுப்பாள். கோயில் திருவிழா, கல்யாண வீடு, இழவு வீடு என்று திரையில் எங்கே பெண்கள் கும்பலாக இருந்தாலும் அதில் பாதிச் சத்தம் அவளுடையதாக இருக்கும். அரக்க மகாராணிக்கும் அவள்தான் குரல். அன்றைக்கு நான் சோபாவில் கண்ணை மூடி ஆழமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சும்மா இருக்கமுடியாமல் டேப்பை முன்னேயும் பின்னேயும் ஓட்டி, ராஜா எந்த இடத்தில் வாயை மூடுகிறார் என்று ஓர் உரக்கம்பெனி டைரியில் குறித்துக்கொண்டிருந்தாள். நான் விழித்ததும், அதாவது யோசித்து முடித்ததும், டைரியை வாங்கிப் பார்த்தேன். நான் நினைத்தது அப்படியே அதில் இருந்தது!

ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. டைட்டில் கார்டில் போட்டார்கள்: 'வசனம், கராளி மொழி உருவாக்கம்: வடபழனி தணிகாசலம்'. அவள் பெயரா? கூட்டக் குரல்காரர்கள் பெயரை டைட்டிலில் போடுகிற வழக்கம் கிடையாது சார். அது தியேட்டர் வழக்கம். நான் என்ன செய்யமுடியும்? கார்டு எழுதிக் கொடுத்தது நான்தான், இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே.

எங்கே விட்டேன்? பரீட்சை. வருகிறேன், அதற்கு முன்னால் இன்னொன்று சொல்லவேண்டும். எட்டு வருஷம் முன்னால் ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். 'அரக்கர்களுக்கு நாக்குக் கொடுத்தவர்' என்று தலைப்பு. ஒரு முழுப்பக்கம். போட்டோக்காரப் பையன் கனகவல்லியைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க, ஃபிரேம்ல விழுறீங்க" என்றான். அவள் காபி டம்ளரோடு நகர்ந்துகொண்டாள். பேட்டி எடுத்த பெண், "சார், இந்த மொழி உருவாக்கத்துல உங்க மனைவி பங்கு என்ன?" என்று கேட்டாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, சார். சபையில் மனைவியை உயர்த்திப் பேசுகிறவன் நான். "இவங்க காபி போடலேன்னா இந்த பாஷையே இல்ல" என்று சொன்னேன். அச்சில் வந்தது.

பத்திரிகை வந்த வாரமே திருச்சியில் மகள் பூங்கோதை வீட்டுக்குப் போனாள். சென்னைத் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் ஒத்துக்கொண்ட தண்ணீர், திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. உடம்பு என்பது அப்படித்தான். அதிலிருந்து நான் போன் செய்தால் பூங்கோதைதான் எடுப்பாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்பாள். எட்டு வருஷமாக அந்த வீட்டில் குளித்துக்கொண்டே இருக்கிறாள். அங்கே மட்டும் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை போல.

நான் தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன் சார். ஒரு குக்கர், ஒரு தட்டு. பேச ஆள் இல்லாததுதான் குறை. அதனால்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

போன வருஷம் டெல்பின் என்று ஒரு பெண் வடபழனிக்கு வந்தாள். திருச்சியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பழைய டேப்பையெல்லாம் யாரோ இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து நாற்பது பேர் சேர்ந்து 'கராளி மன்றம்' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "வெளிநாட்டுல க்ளிங்கான்னு ஒரு பாஷை இருக்கு தாத்தா. கற்பனைப் போர்வீரங்க பேசறது. அதுக்கு அகராதி, இலக்கணம், பரீட்சை எல்லாம் இருக்கு. வினைச்சொல்லைத் தப்பாப் போட்டா சண்டைக்கே வருவாங்க. அந்த மாதிரி நம்ம கராளிக்கும் செய்றோம்" என்றாள்.

"அவங்க என்னைப் பார்த்துத்தான்மா ஆரம்பிச்சிருப்பாங்க" என்றேன்.

"அது உங்க சீரியலுக்குப் பத்து வருஷம் முன்னாடி வந்தது தாத்தா."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடனே வருஷத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் அவள் ஒரு நோட்டைத் திறந்தாள். ஒன்பதாவது வாரத்தில் மகாராணி கொடுத்த சாபத்துக்கு என்ன பொருள், பதினேழாவது வாரத்தில் இன்னொன்றுக்கு என்ன பொருள் என்று வரிசையாகக் கேட்டாள். நான் தாராளமாகச் சொன்னேன். மறுநாள் வந்து அதையே மறுபடி கேட்டாள். மறுபடியும் தாராளமாகச் சொன்னேன். இரண்டு நாள் சொன்னதும் வேறு வேறாக இருந்ததாம்! கற்பனை வளம் இருக்கிறவனுக்கு அப்படித்தானே வரும்?

"வீட்ல வேற யாருக்காவது ஞாபகம் இருக்குமா தாத்தா?"

வாய் தவறிப் பூங்கோதையின் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

அடுத்த மாதமே கனகவல்லி, கராளி மன்றத்துக்குத் தலைமைத் தேர்வாளர். உரக்கம்பெனி டைரியைக் கையோடு திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒரு புடவையை மறந்து வைத்துவிட்டுப் போனாள், இரும்புக் கரண்டியை மறந்தாள், டைரியை மறக்கவில்லை. மகாராணி பேசுவதுதான் சுத்தமான கராளியாம். மற்ற அரக்கர்கள் பேசுவது கொச்சையாம். மற்ற அரக்கர்கள் யார்? நான்! முப்பத்தாறு அரக்கனுக்கு நான்தான் குரல்.

எனக்கு வந்த கோபத்தில் பூங்கோதைக்குப் போன் போட்டேன். "உங்கம்மாவைக் கூப்பிடு, ரெண்டுல ஒண்ணு கேட்கணும்" என்றேன். போனை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் குசுகுசு. பிறகு பூங்கோதை சொன்னாள்:

"அப்பா, அம்மா என்ன சொல்றாங்கன்னா, நீங்க பரீட்சையை ஒழுங்கா எழுதிப் பாஸ் பண்ணினா வடபழனிக்கே வந்துடறாங்களாம்."

"அவளா சொன்னா?"

"அவங்கதாம்ப்பா."

"தண்ணி?"

"அது இப்போ ஒத்துக்குமாம்."

வாங்கிய குக்கரில் இரண்டு பேருக்கு வைக்கலாம் சார். பெரிய குக்கர்தான். நான் உடனே விண்ணப்பம் போட்டேன்.

முதல் தடவை திருச்சிக்குப் போனபோது மன்றத்து ஹாலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் சங்கிலி, கையில் மணி. ஹாலுக்குள் கராளி தவிர வேறு பேசக்கூடாதென்று விதி. ஏழு வருஷம் கழித்து என்னைப் பார்க்கிறாள். நிமிர்ந்து பார்த்துக் கராளியில் சொன்னாள்: "தேர்வு எண் பதினாலு, செருப்பை வெளியே விடுக." விட்டுவிட்டு வந்தேன், மறுபடி வெளியே போய் அதை ஜோடியாக நேராக வைத்துவிட்டு வந்தேன். ஒரு செருப்பை விட இரண்டு தடவை போவானா ஒருவன்? பிரயாணக் களைப்பு.

மூன்று தடவையும் ஒரே கேள்விதான். 'உன் வாழ்வில் ஒரு நாளை, நடந்தது நடந்தபடி, முப்பது வாக்கியத்தில் எழுதுக.' நடந்தது நடந்தபடி என்றால் என்ன? இறந்தகாலம். எனக்குத் தெரியாதா? மூன்று தடவையும் கராளி பிறந்த நாளைத்தான் எழுதினேன். அதைவிடப் பெரிய நாள் எது இருக்கிறது?

முதல் தடவை என் சொந்த விகுதிகளைப் போட்டேன், ஃபெயில். நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் தடவை அவர்கள் அச்சடித்த இலக்கணப் புத்தகத்தைக் காலையும் மாலையும் உருப்போட்டுவிட்டுப் போனேன். கீழ்வீட்டுக்காரர் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தர்காவிலிருந்து தாயத்து வாங்கி வந்தார். அப்படிப் படித்தேன். அதுவும் ஃபெயில். மூன்றாம் தடவை, அதாவது நேற்று, டெல்பினிடமே ஒரு மாதம் போனில் பாடம் கேட்டுக்கொண்டு போனேன். இன்று காலை பேப்பர் கொடுத்தார்கள். இதோ.

நீங்களே பாருங்கள் சார், உங்களுக்குக் கராளி தெரியவேண்டியதில்லை. முப்பது வாக்கியம். சிவப்பு மையில் இருபத்துமூன்று வினைச்சொல்லுக்கு வட்டம். ஏழுக்குத்தான் டிக். 'ஹேக்கப்', வசனத்தை எழுதினேன். வட்டம். 'மிர்கப்', விகுதியைக் கண்டுபிடித்தேன். வட்டம். 'ஓஷப்', மகாராணிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். இதற்கு ரெண்டு சுற்று வட்டம், பேனா கிழித்தே இருக்கிறது. இப்போது இங்கே பாருங்கள். 'துரக்கப்', தூங்கினேன். டிக்! அதே 'அப்' சார்! அதே விகுதி! எழுதினேன் தப்பாம், தூங்கினேன் சரியாம். இது எந்த ஊர் இலக்கணம்?

டெல்பினைப் பிடித்து உலுக்கினேன். அவள் பேப்பரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"விகுதி எல்லாமே சரியாத்தான் இருக்கு தாத்தா. இலக்கணப் பிழைன்னு ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் வட்டம் எதுக்கு?"

"அதை நீங்க பாட்டிகிட்டதான் கேக்கணும்."

நேராகப் போய்க் கேட்டேன். ஹால் வாசலில் நின்று, தமிழிலேயே கேட்டேன், விதியாவது ஒன்றாவது. "ஏம்மா கனகு, இதுல என்ன தப்பு? காலம் தப்பா, விகுதி தப்பா, உதடு மூடலையா? சொல்லு, திருத்திக்கிறேன்." சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள். கராளியில் ஒரே வாக்கியம் சொன்னாள். "ஆறு மாதம் கழித்து வருக." மணியை அடித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவ்வளவுதான் சார். பஸ் ஏறிவிட்டேன். உங்களிடம் ஒளிப்பானேன், டெல்பின் மன்றத்திலேயே இன்னொரு தேர்வாளர் இருக்கிறார், அவர் திருத்தினால் பாஸ் போட்டுவிடுவார் என்று சொன்னாள். எனக்கு அவர் எதற்கு? அவர் பாஸ் போட்டால் வடபழனிக்கு அவரா வருவார்?

என்ன, பெரம்பலூர் தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவில்லை.

வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. டிக் போட்டதிலும் ஒரு நியாயம் இல்லையே. இந்த ஏழாவதைப் பாருங்கள். இது கராளியே இல்லை, தமிழ்! அவசரத்தில் எழுதிவிட்டேன். அன்றைக்குத் தியேட்டரில் திடீரென்று கரண்ட் போய்விட்டது. நான் சோபாவிலிருந்து உருண்டு, யோசனையில்தான், தரையில் விழுந்து, இருட்டில் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் அரக்கன் குரலிலேயே 'யாரங்கே' என்று கத்தினேன். கனகவல்லி சிரித்தாள் பாருங்கள். முதலாளி மெழுகுவர்த்தியைக் கொண்டுவரும் வரைக்கும் சிரித்தாள். மெழுகுவர்த்தி வந்த பிறகும் சிரித்தாள். அதை எழுதவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் அரக்கர்கள் ஐம்பத்திரண்டு வாரமும் சிரிக்கவே இல்லை, சிரிப்பதற்கு வினைச்சொல்லே கிடையாது. பரீட்சை ஹாலில் கால்மணி நேரம் யோசித்தேன். வரவில்லை. 'அவள் சிரித்தாள்' என்று தமிழிலேயே போட்டுவிட்டேன். முறைப்படி அதற்குப் பூஜ்யம் போடவேண்டும். இரண்டு டிக் போட்டிருக்கிறாள்! கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

சரி, எனக்கும் ஒரு யுக்தி தோன்றியிருக்கிறது. நான் டப்பிங்காரன் சார், எந்தச் சத்தம் வாய்க்குப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவதுதான் என் வேலை. எது எதற்கு டிக் போட்டிருக்கிறாளோ, அடுத்த தடவை அதை மட்டும் எழுதிக்கொடுத்துவிடுகிறேன். அப்போது எப்படி ஃபெயில் ஆக்குவாள்? அவள் போட்ட டிக்கை வைத்தே அவளை மடக்குகிறேன். இப்படிக் கொஞ்சம் பிடியுங்கள் காகிதத்தை. வரிசையாக உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

'நான் தூங்கினேன்.'

இது முதல் டிக். அடுத்தது, படர்க்கை வினையும் தெரியும் என்று காட்டுவதற்காக ஒப்புக்குச் சேர்த்தது. 'அவள் விழித்திருந்தாள்.'

'ராஜா வாயை மூடினார்.' டிக். 'அவள் டைரியில் எழுதினாள்.' இதுவும் ஒப்புக்குச் சேர்த்ததுதான், டிக். 'நான் டீ குடித்தேன்.' டிக். 'விளக்கு அணைந்தது.' டிக். 'அவள் சிரித்தாள்.'

அவ்வளவுதான். ஏழு.

இருங்கள். மறுபடி சொல்கிறேன். நான் தூங்கினேன், அவள் விழித்திருந்தாள். ராஜா வாயை மூடினார், அவள் டைரியில் எழுதினாள். நான் டீ குடித்தேன். விளக்கு அணைந்தது, அவள் சிரித்தாள்.

என்ன சார் இது?

இதை எவனாவது மூன்றாம் மனுஷன் படித்தால் என்ன நினைப்பான்? தூங்கி எழுந்து டீ குடித்ததைத் தவிர எனக்கு இதில் ஒரு வேலையும் இல்லையே? பாஷையை என்னவோ அவளே உட்கார்ந்து உண்டாக்கிய மாதிரி அல்லவா இருக்கிறது?

ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். உங்களுக்குத்தான் தமிழில் வினைச்சொல் இருக்கிறதே.

ஆறு மாதம். ஆறு மாதம் பெரிய காலம் சார், அந்தக் குக்கரோடு.

விக்கிரவாண்டியில் பஸ் அரைமணி நேரம் நிற்கும், தெரியுமா? அங்கே ஒரு போஸ்ட் ஆபீஸ் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையா இன்றைக்கு? பரவாயில்லை, பெட்டி இருக்கும். பரீட்சையைத் தபாலில் எழுதினாலும் வாங்கிக்கொள்வாளா என்று தெரியவில்லை. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. இல்லாத விதியை நாம் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். டைட்டில் கார்டே எழுதியிருக்கிறேன், ஒரு கார்டு எழுதமுடியாதா?

பேனா இருக்கிறதா சார், உங்களிடம்? சிவப்பு வேண்டாம்.